டேலன்ட் ஏஜென்சி நேர்காணல்: எதைப் படித்துவிட்டுப் போவது?

மல்லிப்பந்தல்:
வணக்கம். விஸ்காம் முடித்துவிட்டு மதுரையில் ஒரு ஈவென்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கல்யாண ரிசப்ஷன், கல்லூரி கல்ச்சுரல்ஸ், கடைத் திறப்பு விழா எல்லாவற்றுக்கும் ஆர்ட்டிஸ்ட் புக்கிங் செய்து பழக்கம். இப்போது சென்னையில் ஒரு டேலன்ட் ஏஜென்சியிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆர்ட்டிஸ்ட் மேனேஜருக்கு உதவியாளர் வேலை. சினிமா நடிகர்கள் கொஞ்சம் பேர், யூடியூப், இன்ஸ்டாகிராம் ஆட்கள் நிறையப் பேர் அவர்களிடம் இருக்கிறார்கள். நேரில் பேசுவது போக, எழுதிக் காட்டச் சொல்லி ஒரு வேலையும் தருவார்களாம். என்ன கேட்பார்கள்? எனக்கு சினிமாவில் ஒருவரையும் தெரியாது, அதுதான் பயமாக இருக்கிறது.

வடபழனிவாசி:
வாழ்த்துகள் தங்கச்சி. இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்கிற பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஏன் இந்த வேலை என்று கேட்டால் வருகிறவர்கள் பெரும்பாலும் "சின்ன வயசிலிருந்தே சினிமான்னா உயிர்" என்கிறார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்பவருக்கு அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஏஜென்சிக்கு வேண்டியது, இன்னொருவருடைய நேரத்தையும் பணத்தையும் பெயரையும் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் ஆள். கால்ஷீட் இடிக்கிறதா, பாக்கி வந்ததா, எந்த விளம்பரத்தை வேண்டாம் என்று சொல்வது, யாரிடம் எப்படிச் சொல்வது. நாள் முழுக்க இதுதான் வேலை. ரசிகையாகப் போய் உட்காராதீர்கள்.

உங்கள் ஈவென்ட் அனுபவத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். நான் ஆட்களிடம் கேட்கிற ஒரு கேள்வியைச் சொல்கிறேன். நடிகைக்குக் காலை பத்து மணிக்குத் திருநெல்வேலியில் நகைக்கடைத் திறப்பு, அன்று மாலை சென்னையில் டப்பிங். என்ன செய்வீர்கள்? "மேனேஜ் பண்ணிடுவேன் சார்" என்று சொல்பவரை நான் எடுப்பதில்லை. தூத்துக்குடியிலிருந்து மதியம் எந்த விமானம், கடையிலிருந்து விமான நிலையம் போக எவ்வளவு நேரம், கூட்டம் கூடிவிட்டால் மேடையிலிருந்து வண்டிவரை யார் கூட்டிப்போவது, போலீஸ் அனுமதி கடைக்காரர் வாங்கிவிட்டாரா, மீதிப் பணம் ரிப்பன் வெட்டுவதற்கு முன் வந்துவிடுமா, விமானம் தாமதமானால் டப்பிங் இன்ஜினியரிடம் முன்கூட்டியே யார் சொல்லி வைப்பது. இப்படிக் கேள்விக்குள் இறங்கிப் பேசுபவர்தான் வேண்டும். மதுரையில் கடைத் திறப்பு செய்த உங்களுக்கு இது சென்னைக்காரர்களைவிட நன்றாகவே தெரியும்.

இன்னொரு கேள்வி கிட்டத்தட்ட நிச்சயம் வரும்: "நாளைக்கே ஒருவரை நம் ஏஜென்சிக்கு எடுக்கலாம் என்றால் யாரை எடுப்பீர்கள்?" இதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஏற்கெனவே பத்து லட்சம் பேர் பின்தொடர்கிற பெயரைச் சொல்லாதீர்கள், அவருக்கு ஏற்கெனவே மேனேஜர் இருப்பார். இரண்டு மூன்று பேரைத் தேடி வையுங்கள். நாகர்கோவில் பேச்சில் குட்டிக்கதை சொல்பவர், கானா பாடுகிறவர், பாட்டியோடு சமையல் வீடியோ போடும் பையன், யாராகவும் இருக்கட்டும். ஏன் அவர் என்பதற்குக் காரணம் வேண்டும். கமென்ட்டில் மக்கள் வெறும் நெருப்பு எமோஜி போடுகிறார்களா, அல்லது "அக்கா இந்தப் பாத்திரம் எங்கே வாங்கினீங்க" என்று கேட்கிறார்களா? இரண்டாவது வகை கமென்ட் வரும் இடத்தில்தான் பிராண்டுகள் பணம் போடும். ஒரே வீடியோ மட்டும் ஓடியதா, இல்லை தொடர்ந்து ஓடுகிறதா? அவருக்கு எந்தப் பொருள் பொருந்தும், எது பொருந்தாது? பொருந்தாததையும் சொன்னால் உங்களை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அப்புறம், அந்த ஏஜென்சியின் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவருடைய பக்கத்தையும் கடந்த ஆறு மாதத்துக்குப் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். எந்தெந்த விளம்பரம் செய்தார்கள், எந்த வகை விளம்பரம் அவர்களிடம் இல்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நேர்காணலுக்கு அந்த நோட்டையும் கொண்டு போங்கள்.

ரயில்வேகேட்:
வடபழனி சார் சொல்வது எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடைமுறையில் கான்டாக்ட் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். என் நண்பன் நன்றாகத் தயார் செய்து போனான், "உங்களுக்கு இண்டஸ்ட்ரியில் யாரைத் தெரியும்" என்று ஒரே கேள்வி, திரும்பி வந்துவிட்டான்.

வடபழனிவாசி:
தம்பி, அந்தக் கேள்வி வரும், மறுக்கவில்லை. ஆனால் பெரிய நடிகரைத் தெரியுமா என்பதாக மட்டும் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். மல்லிப்பந்தலுக்கு மதுரையில், திண்டுக்கல்லில், விருதுநகரில் ஜவுளிக்கடை முதலாளிகளைத் தெரியும், சவுண்ட் சர்வீஸ்காரர்களைத் தெரியும், கல்லூரி கல்ச்சுரல்ஸ் பொறுப்பாளர்களைத் தெரியும். ஏஜென்சிக்குப் பணம் வருவது அந்தப் பக்கத்திலிருந்துதானே? நடிகரைத் தெரிந்த ஆட்கள் சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். தென்மாவட்டத்தில் விளம்பரம் கொடுக்கிறவரைத் தெரிந்த ஆள் குறைவு. அதைச் சொல்லுங்கள். போன் நம்பர்களை மட்டும் அங்கே ஒப்பிக்க வேண்டாம். பழைய கம்பெனியின் விவரங்களைக் கொட்டுகிறவர் நாளைக்கு நம்முடையதையும் கொட்டுவார் என்றுதான் தோன்றும்.

கணக்குப்பிள்ளை:
நான் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன், கிரியேட்டர்கள் சிலருக்குக் கணக்கு பார்க்கிறோம். பணம் எப்படி நகர்கிறது என்று கேட்டால் திணறாமல் சொல்லத் தெரிய வேண்டும். ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், கமிஷன் சதவீதம் உதாரணத்துக்கு மட்டும்.

பிராண்ட் கொடுக்கும் தொகை 2,00,000 ரூபாய். ஆர்ட்டிஸ்ட் ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால் 18 சதவீதம் சேர்த்து 2,36,000க்கு பில் போடுவார். பிராண்ட் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடித்தால் 20,000 போக 2,16,000 வங்கிக்கு வரும். ஏஜென்சி கமிஷன் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 40,000, அதற்கும் ஜிஎஸ்டி 7,200. மிச்சம் 1,68,800. வாங்கிய 36,000 ஜிஎஸ்டியில், ஏஜென்சிக்குக் கொடுத்த 7,200ஐக் கழித்து 28,800 அரசுக்குக் கட்டுவார். கையில் நிற்பது 1,40,000. டிடிஎஸ் 20,000 தொலைந்து போகவில்லை, வருமான வரிக் கணக்கில் சேரும்.

இதே ஆர்ட்டிஸ்ட் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால் (சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் இருப்பவர்கள் பலர் அப்படித்தான்) 2,00,000ல் டிடிஎஸ் போக 1,80,000 வரும். கமிஷனும் அதன் ஜிஎஸ்டியும் 47,200 போனால் கையில் 1,32,800. "இரண்டு லட்சம்னு சொன்னீங்களே, எங்கே போச்சு" என்று ஆர்ட்டிஸ்ட் போனில் கேட்பார். பதில் சொல்ல வேண்டியது உதவியாளர்தான். இதைத் தாளில் போட்டுக் காட்டத் தெரிந்தால் பாதி நேர்காணல் முடிந்தது.

இலவசமாக வரும் பொருளையும் மறக்காதீர்கள். விளம்பரத்துக்குக் கொடுத்த போனை ஆர்ட்டிஸ்ட் தானே வைத்துக்கொண்டால், அப்படி வருவதன் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால், அதற்கும் 10 சதவீதம் டிடிஎஸ் உண்டு. 2022 ஜூலை 1 முதல் வந்த விதி. படப்பிடிப்பு முடிந்து பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இது வராது.

மல்லிப்பந்தல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுத்து வேலை எப்படி இருக்கும் என்று வேறு ஏஜென்சியில் இருக்கும் தோழியிடம் கேட்டேன். ஒரு பிராண்டிடமிருந்து வருகிற மாதிரி மெயிலைக் கொடுத்துப் பதில் எழுதச் சொல்வார்களாம். அவள் எனக்குப் பழகிப் பார்க்க ஒன்று எழுதிக் கொடுத்தாள்:

"எங்கள் ஹேர் ஆயிலுக்கு ஒரு ரீல், இரண்டு ஸ்டோரி வேண்டும். தீபாவளிக்கு முன் வெளியிட வேண்டும். கூந்தல் பராமரிப்புப் பிரிவில் ஆறு மாதம் வேறு பிராண்டுக்குச் செய்யக் கூடாது. வீடியோவை எல்லா ஊடகங்களிலும் நாங்கள் பயன்படுத்திக்கொள்வோம். கட்டணத்தைத் தெரிவிக்கவும்."

நான் ஒரு தொகையைப் போட்டு, "நன்றி, ஆர்வமாக இருக்கிறோம்" என்று எழுதினேன். இதில் வேறு என்ன இருக்கிறது?

வடபழனிவாசி:
இதில்தான் எல்லாமே இருக்கிறது. தொகையை முதல் பதிலிலேயே போடாதீர்கள், ஏனென்றால் எதற்கு விலை சொல்கிறோம் என்பதே இன்னும் தெளிவாகவில்லை.

கூந்தல் பராமரிப்பு என்று எழுதியிருக்கிறார்களே, அதைப் பாருங்கள். விற்பது ஹேர் ஆயில். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஷாம்பு, கண்டிஷனர், ஹேர் டை, சீரம், டிரையர்கூட வந்துவிடும். எண்ணெய்க்கு வாங்குகிற காசுக்கு ஷாம்பு விளம்பரம் எல்லாவற்றையும் ஆறு மாதம் விட்டுக்கொடுக்கிறோம். "ஹேர் ஆயில் மட்டும்" என்று சுருக்கக் கேளுங்கள். மறுத்தால் கட்டணம் ஏறும். ஆறு மாதம் எந்தத் தேதியிலிருந்து? ஒப்பந்தம் போட்ட நாளா, ரீல் வெளியான நாளா? தீபாவளிக்கு முன் தொடங்கினால் பொங்கலும் அதற்குள் போய்விடும். நம்மூரில் விளம்பரப் பணம் அதிகம் புழங்குவது அந்த இரண்டு பண்டிகைக் காலத்தில்தான்.

அடுத்து "எல்லா ஊடகங்களிலும்". அவர் பக்கத்தில் வெளியிடுவது ஒன்று. பிராண்ட் அதையே பணம் கட்டி விளம்பரமாக ஓட்டுவது இன்னொன்று. டிவியிலும் தியேட்டரிலும் போட்டு, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஹோர்டிங்காக வைப்பது வேறு. எத்தனை மாதம் என்றும் எழுதவில்லை. காலம் எழுதாத உரிமையைக் கொடுத்துவிட்டால், மூன்று வருடம் கழித்து அவர் பெரிய நடிகராகிப் போட்டி பிராண்டில் ஒப்பந்தமாகும்போது இந்தப் பழைய வீடியோ வந்து நிற்கும். உரிமை எந்த ஊடகத்துக்கு, எத்தனை மாதத்துக்கு, எந்த மாநிலங்களுக்கு என்று கேட்டு எழுதுங்கள்.

அப்புறம் சின்னச் சின்னவை. எத்தனை முறை திருத்தம் கேட்பார்கள், மறுபடி ஷூட் செய்ய வேண்டுமானால் செலவு யாருடையது, முன்பணம் எவ்வளவு, மீதி எத்தனை நாளில், ஷூட் முடிந்தபின் பிராண்டே ரத்து செய்தால் என்ன. "முடி கொட்டுவது ஏழு நாளில் நிற்கும்" மாதிரி ஏதாவது வசனம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஆர்ட்டிஸ்ட் அந்த எண்ணெயைப் பயன்படுத்திப் பார்த்தாரா என்பதும் முக்கியம்.

பதில் மெயில் மரியாதையாக, பத்துப் பதினைந்து வரிக்குள் இருக்கட்டும். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று எழுதிப் பழகுங்கள். கோயம்புத்தூர் எண்ணெய் கம்பெனி முதலாளி தமிழில் பேசினால்தான் மனசு விடுவார், மும்பை விளம்பர ஏஜென்சிக்கு ஆங்கிலம் வேண்டும்.

சட்டப்புத்தகம்:
வழக்கறிஞர் என்ற முறையில் சேர்க்கிறேன். உதவியாளர் வேலைக்குச் சட்டம் கேட்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். நான்கு விஷயம் தெரிந்தால் போதும்.

விளம்பரம் என்பதை மறைக்கக் கூடாது. விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐயின் இன்ஃப்ளூயன்சர் வழிகாட்டுதல்கள் 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்தன. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் தன் பங்குக்கு ஒன்று வெளியிட்டது. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், பயணம், தள்ளுபடி வாங்கியிருந்தாலும் சொல்லியாக வேண்டும். வீடியோ என்றால் கீழே விவரக் குறிப்பில் மட்டும் போட்டால் போதாது, வீடியோவிலேயே வர வேண்டும். தவறான விளம்பரத்தில் நடித்தவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. முதல் முறைக்கே ஒரு வருடம் வரை விளம்பரங்களில் தோன்றத் தடையும் விதிக்கலாம். உரிய கவனத்தோடு பொருளை விசாரித்துப் பார்த்தவருக்குச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. வடபழனிவாசி சார் பயன்படுத்திப் பார்த்தாரா என்று கேட்கச் சொன்னது அதனால்தான் அவ்வளவு முக்கியம்.

ரம்மி மாதிரியான பண விளையாட்டு விளம்பரம் வந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்கலாம். பேரம் பேசாமல் மறுக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளோடு அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்கிறது. விளம்பரம் செய்தால் இரண்டு வருடம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது.

குழந்தை நட்சத்திரங்கள் அந்த ஏஜென்சியில் இருந்தால் 2017இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளைப் படியுங்கள். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வாங்க வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். பெற்றோரே அவசரப்படுத்துவார்கள். அப்போது குழந்தைக்காகப் பேச வேண்டியது மேனேஜர்தான். இதை நேர்காணலில் நீங்களாகவே சொன்னால் நான் உங்களை எடுத்துவிடுவேன்.

கடைசியாக முகமும் குரலும். ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவர் பெயரையும் பாணியையும் அனுமதியில்லாமல் ஓர் இந்திப் படத்தில் பயன்படுத்துவதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் தடுத்தது. 2023இல் அனில் கபூர் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கும் போலிகளையும் சேர்த்துத் தடுத்தது. அதனால் இப்போது எந்த ஒப்பந்தத்திலும் "ஏஐ மூலம் குரலையோ முகத்தையோ உருவாக்க இந்தத் தொகை பொருந்தாது" என்று ஒரு வரி கேட்பது நல்லது.

பசிபிக்கரை:
லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறேன், இங்கே எப்படி என்று கொஞ்சம். 1898இல் தொடங்கிய வில்லியம் மோரிஸ் ஏஜென்சியில் படித்துவிட்டு வருகிறவர்களையும் முதலில் தபால் அறையில்தான் போட்டுவந்தார்கள். கடிதம் பிரித்து அறை அறையாகக் கொடுப்பதிலிருந்து தொடங்கி, பிறகு ஓர் ஏஜென்ட்டின் உதவியாளர், அப்புறம்தான் ஏஜென்ட். பின்னாளில் ஹாலிவுட்டின் பெரும்புள்ளிகளான பேரி டில்லர், மைக்கேல் ஓவிட்ஸ், டேவிட் கெஃபன் எல்லாரும் அங்கே ஆரம்பித்தவர்கள். கெஃபன் யுசிஎல்ஏவில் பட்டம் வாங்கியதாகப் பொய் சொல்லிச் சேர்ந்தார். பல்கலைக்கழகத்திலிருந்து உண்மைக் கடிதம் வந்துவிடக் கூடாதே என்று தினமும் சீக்கிரம் வந்து தபாலைக் காத்துக் கிடந்தார். இதை அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டுவிட்டு யாரும் பயோடேட்டாவில் கை வைக்க வேண்டாம். இன்று சான்றிதழைச் சரிபார்க்க ஒரு மெயில் போதும். பிறர் பணத்தைக் கையாளும் வேலையில் முதல் நாளே பொய்யோடு நுழைவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கலிஃபோர்னியாவில் ஏஜென்ட்டாக இருக்க மாநில உரிமம் வேண்டும், கமிஷன் வழக்கமாக 10 சதவீதம். மேனேஜர் என்பவர் வேறு. அவர் ஆலோசனை சொல்லலாம், வேலை தேடித் தருவது சட்டப்படி ஏஜென்ட்டின் வேலை. இந்தியாவில் பெரும்பாலும் இரண்டும் ஒருவரே.

இங்கே 2019இல் நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏஜென்சிகள் எழுத்தாளரிடம் கமிஷன் வாங்காமல், தொடர் தயாரிக்கும் ஸ்டுடியோவிடமிருந்தே தனியாக ஒரு கட்டணம் வாங்கிவந்தன. எழுத்தாளருக்குச் சம்பளம் குறைந்தாலும் ஏஜென்சிக்கு நஷ்டமில்லை. எழுத்தாளர் சங்கம் கொதித்து, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் தங்கள் ஏஜென்ட்டுகளை நீக்கினார்கள். பெரிய ஏஜென்சிகளில் கடைசியாக டபிள்யூஎம்இ (அந்த வில்லியம் மோரிஸின் இன்றைய வடிவம்) 2021 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டது. நீங்கள் போகும் இடம் ஆர்ட்டிஸ்ட்டிடம் மட்டும் வாங்குகிறதா, பிராண்டிடமும் வாங்குகிறதா? நேர்காணலில் பணிவாக ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதிலைவிட, பதில் சொல்லும்போது அவர்கள் எவ்வளவு வெளிப்படையாக இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

செண்பகம்அக்கா:
தங்கச்சி, ஒரு பெண்ணாக இதையும் சொல்ல வேண்டும். நேர்காணல் அலுவலகத்தில், அலுவலக நேரத்தில் நடக்கட்டும். ஹோட்டல் அறைக்கு வரச் சொன்னாலோ, டெபாசிட், பதிவுக் கட்டணம் என்று காசு கேட்டாலோ போகாதீர்கள். உண்மையான ஏஜென்சி வேலைக்கு வருகிறவரிடமும் வாங்காது, ஆர்ட்டிஸ்ட்டிடமும் வருமானம் வந்த பிறகுதான் வாங்கும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பாலியல் புகார்களைக் கேட்க உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும், 2013 சட்டம். எச்ஆரிடம் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். ராத்திரி ஷூட்டுக்குப் போனால் வீட்டுக்கு வண்டி உண்டா, வெளியூரில் தனி அறை உண்டா, இவற்றையும் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். உங்கள் பாதுகாப்பைக் கேட்டு வாங்கத் தெரிந்தால்தான் ஷூட்டிங்கில் ஒரு புதுப் பெண் ஆர்ட்டிஸ்ட்டுக்காகவும் கேட்பீர்கள்.

உடையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பளபளப்பு வேண்டாம், சுத்தமான காட்டன் குர்தா போதும். போனை சைலன்ட்டில் போட்டுப் பைக்குள் வையுங்கள், அங்கே இருக்கும் நடிகரோடு செல்ஃபி கேட்காதீர்கள்.

மல்லிப்பந்தல்:
அக்கா, கண்டிப்பாகக் கேட்கிறேன். கடைசியாக ஒன்று. சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால் என்ன சொல்வது? அப்புறம், விலகினால் இரண்டு வருடம் வேறு ஏஜென்சியில் சேரக் கூடாது என்று எழுதி வாங்குவார்கள் என்று தோழி சொன்னாள். அது உண்மையா?

வடபழனிவாசி:
சம்பளத்துக்கு முன் வேலையின் அளவைக் கேளுங்கள். ஒரு மேனேஜருக்கு எத்தனை ஆர்ட்டிஸ்ட், உங்களுக்கு எத்தனை பேர், ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தால் மாற்று விடுப்பு உண்டா, நீங்கள் கொண்டுவரும் டீலுக்கு இன்சென்டிவ் உண்டா, போன் பில்லும் ஆட்டோ காசும் யார் தருவது. பிறகு மதுரைச் சம்பளத்தோடு சென்னை ஹாஸ்டல் வாடகை, சாப்பாட்டுச் செலவைக் கூட்டி ஒரு தொகையைச் சொல்லுங்கள். "நீங்க பார்த்துக் குடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். தனக்கே பேரம் பேசத் தயங்குகிறவர் ஆர்ட்டிஸ்ட்டுக்கு எப்படிப் பேசுவார் என்று கேட்பவர் யோசிப்பார்.

சட்டப்புத்தகம்:
அப்படி எழுதி வாங்குவது உண்டு. ஆனால் வேலையை விட்ட பிறகு இன்னோர் இடத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை, 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி பொதுவாகச் செல்லாது. அதே தாளில் இருக்கும் மற்றவை செல்லும்: ரகசியத் தகவலை வெளியே சொல்லக் கூடாது, நோட்டீஸ் காலம் முடிக்க வேண்டும் போன்றவை. ஏஜென்சியின் ஆர்ட்டிஸ்ட்டுகளைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்ற வரி வழக்குக்கு வழக்கு மாறும், அதை நிதானமாகப் படியுங்கள். கையெழுத்துக்கு முன் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள், தாளைப் போட்டோ எடுத்து எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். படித்துப் பார்த்துச் சொல்கிறேன், கட்டணம் ஒன்றும் வேண்டாம்.